குயில் கூவினால் போதுமா?

சொல் இல்லாத இசை என்றால் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். பாட்டு என்றால் வரி வேண்டும், வரி என்றால் யார் எழுதியது என்று தெரிய வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் “சும்மா வாசிச்சுக்கிட்டிருக்காங்க” என்று எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள். கல்யாணத்தில் நாயனக்காரர் ராகத்தை விரிக்கத் தொடங்கும்போதுதான் மண்டபத்தில் பேச்சு உரக்கும். சபாக்களில் அவருக்கு ‘மங்கல இசை’ என்று ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அது நாற்காலி போடுகிற நேரம். இதே ஆட்கள்தான் தூக்கம் பிடிக்கவில்லை என்று செல்போனில் ‘மழைச் சத்தம், எட்டு மணி நேரம்’ போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். மழை வேண்டும், காற்று வேண்டும், விடியற்காலை வேண்டும். அதை ஒரு மனிதன் மூச்சைப் பிடித்து இசையாகக் கொடுத்தால் மட்டும் வேண்டாம்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆற்றையும் வெளியையும் பொழுதையும் ஒரு சொல்கூட இல்லாமல் காதுக்குள் கொண்டுவரும் கலை, எனக்குத் தெரிந்து, இரண்டு இடங்களில் உச்சம் கண்டது. ஒன்று பாரிஸ், 1890களிலிருந்து முதல் உலகப்போர் வரை. இன்னொன்று கும்பகோணம், மாயவரம், திருவாரூர் மூன்றுக்கும் நடுவில் கிடக்கும் நெல் வயல்களுக்குள், ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கி 1950கள் வரை. இரண்டாவது இடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அதைக் கேட்காமலே வயதாகிப்போகிறார்கள் என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அடிப்படையை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது வேறு. பெரிய மேளம் என்பது நாயனம் என்கிற நாகஸ்வரம், தவில், ஒத்து, தாளம் நான்கும் சேர்ந்தது. நாயனத்தின் குழலை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். இடித்த பழைய வீடுகளின் தூணும் உத்தரமும்தான் அதற்கு வாகு; பச்சை மரம் உதவாது. ஆடுதுறைப் பக்கம் நரசிங்கம்பேட்டை இந்த வேலைக்குப் பேர்போன ஊர், 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. வாயில் வைக்கும் சீவாளி ஆற்றங்கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையில் செய்தது. குட்டையான திமிரி உயர்ந்த சுருதி, நீளமான பாரி தாழ்ந்த சுருதி. தவிலின் கட்டை பலா மரம். அந்தப் பக்கம் பாரிஸில் க்ளோத் தெபுஸ்ஸி (1862–1918), மோரிஸ் ரவேல் (1875–1937), அவர்கள் கையில் எண்பது தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா. ஓவியர் மோனே 1874இல் காட்சிக்கு வைத்த சூரியோதய ஓவியத்தைக் கேலி செய்யப் பிறந்த ‘இம்ப்ரெஷனிஸம்’ என்ற பட்டம் இவர்கள் தலையிலும் ஏறியது. தெபுஸ்ஸிக்கு அது பிடிக்கவே பிடிக்காது. மேல்நாட்டு வாத்தியக் கூட்டம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் தஞ்சாவூர் அரண்மனைப் பக்கம் அழைத்துப் போங்கள். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அங்கே ஐரோப்பிய பேண்டு வைத்திருந்தவர். தஞ்சை நால்வரில் வடிவேலு வயலினைத் தன் சொந்த வாத்தியமாக்கிக்கொண்டதும் இந்த மண்ணில்தான். போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். இயற்கையை இசையில் காட்ட இரண்டு வழி உண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற கத்தியைத் தொல்காப்பியர் எப்போதோ தீட்டி வைத்துவிட்டார், நாம்தான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்தோம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தில் இருப்பவை: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம். மனித மனத்தில் நடப்பது உரிப்பொருள். அவர் கவிதைக்குச் சொன்னதை நான் இசைக்கு இழுக்கிறேன். தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும், எனக்கு இதைவிடக் கூர்மையான கருவி வேறெங்கும் அகப்படவில்லை.

கருப்பொருள் இசை எளிது. புல்லாங்குழலில் குயில் கூவ வைப்பது, வயலினில் கதவு கிறீச்சிட வைப்பது, தவிலில் இடி இடிப்பது. விவால்டியின் ‘நான்கு பருவங்க’ளில் வயோலா நாய் மாதிரி குரைக்கும். பீத்தோவனே 1808இல் அரங்கேறிய தன் ஆறாவது சிம்பொனியில், இரண்டாம் பகுதி முடியும் இடத்தில், புல்லாங்குழலை நைட்டிங்கேலாகவும் ஓபோவைக் காடையாகவும் கிளாரினெட்டைக் குயிலாகவும் பேச வைத்தார். ஆனால் அவர் பெரிய ஆள். இது சித்திரம் தீட்டும் வேலையைவிட உணர்ச்சியின் வெளிப்பாடுதான் என்று கூடவே குறிப்பும் எழுதிவைத்தார். அதாவது நம் கணக்கில் அவர் நின்ற இடம் உரிப்பொருள். சிக்கல் அவரிடம் இல்லை, அந்த மூன்று பறவைகளையும் கேட்டவுடன் “ஆகா, இயற்கை” என்று கைதட்டுகிறவர்களிடம். குயில் கூவியதை அடையாளம் கண்டுவிட்டால் ரசித்தாயிற்று என்று நினைக்கிறார்கள். மிமிக்ரியை ரசிக்கிற காதும் அதே காதுதான்.

முதற்பொருள் இசையில் குயில் இருக்காது. குயில் எந்த வெளிச்சத்தில் கூவுமோ அந்த வெளிச்சம் இருக்கும். கேட்டு முடித்தபின் உங்களுக்குத் தோன்றுவது ஒரு பொருளின் பெயராக இருந்தால் அது கரு. “விடியப்போகிறது”, “மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது”, “இங்கே யாருமில்லை” என்று தோன்றினால் அது முதல். வயல் நிலமான மருதத்துக்குப் பெரும்பொழுது ஆறும் உண்டு, சிறுபொழுது மட்டும் வைகறையும் விடியலும். நெல் வயல்களுக்கு விடியற்காலையை ஒதுக்கினவன் வெறும் இலக்கணக்காரன் இல்லை. மார்கழியில் நாலரை மணிக்கு வரப்பில் நின்றவனாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது நாயனத்துக்கு வாருங்கள். கச்சேரி மேடையில் ராகங்களின் பொழுது என்பது கிட்டத்தட்ட செத்துப்போன வழக்கம். பெரும்பாலும் மாலையில்தான் கச்சேரி நடக்கிறது என்பதால் பூபாளத்துக்கு வேலையே இல்லை. டெல்டாவின் கோயில்களில் மேளக்காரர்கள்தான் அதைக் காப்பாற்றி வைத்தார்கள். விடியலில் பூபாளம், பௌளி. வெயில் ஏற பிலஹரி. உச்சிப் பொழுதில் மத்தியமாவதி. சாயங்காலம் பூர்விகல்யாணி. பள்ளியறைக்கு நீலாம்பரி. இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள், தயவுசெய்து. பூபாளத்தில் மத்தியமம் கிடையாது, நிஷாதம் கிடையாது. ஐந்து ஸ்வரம்தான், அதிலும் ரிஷபம், காந்தாரம், தைவதம் மூன்றும் தாழ்ந்தவை. வெளிச்சம் முழுதாக வராத நேரத்தில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று பாதிதான் தெரியும். அந்த மாதிரி பாதி தெரிகிற ராகம் அது. கோழி கூவுகிற சத்தம் எந்த இடத்திலும் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கூத்து அமிர்தவர்ஷிணிக்கு நடந்தது. திருவாரூரில் 1775இல் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் போகிற வழியில் காய்ந்த பூமியைப் பார்த்து இந்த ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று கதை. அன்றிலிருந்து அந்த ராகம் மழை வரவழைக்கும் அரசாங்கச் சாதனமாகிவிட்டது. 2019 வறட்சியில் கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்தச் சொன்ன அறநிலையத் துறைச் சுற்றறிக்கையில்கூட அதன் பெயர் இருந்தது. தண்ணீரில் நின்று வாசிக்கிறார்கள், மறுநாள் பேப்பரில் போட்டோ. மழை வந்ததா இல்லையா என்று வானத்தைப் பார்க்கிறார்களே தவிர, ராகத்தை யாராவது கேட்டார்களா? ரிஷபமும் தைவதமும் இல்லாத ராகம் அது. ஸ்வரங்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி, பிரதிமத்தியமத்தின் கூச்சமான வெளிச்சம். அதில் மழை பெய்வதே இல்லை, ஐயா! மழைக்கு முன்னால் வயல்களின் மேல் ஒரு மஞ்சள் வெளிச்சம் விழுமே, கொக்கு மட்டும் அநியாய வெள்ளையாகத் தெரியுமே, அதுதான் இருக்கிறது.

தியாகராஜர் ஆசாவேரியில் காவிரியைப் பாடியிருக்கிறாரே என்பீர்கள். ‘சரி வெடலின’ பெரிய கீர்த்தனை, சந்தேகமில்லை. ஆனால் காவிரி அங்கே சாகித்யத்தில் ஓடுகிறது. சொல்லை எடுத்துவிட்டு வெறும் ஆசாவேரியாகக் கேட்டால் எனக்குத் தெரிவது ஒருவர் கெஞ்சுகிற குரல்தான், ஆறு தெரிவதில்லை. திருவையாற்றில் இதைச் சொன்னால் உதைப்பார்கள், தெரியும்.

பாரிஸ்காரர் தெபுஸ்ஸி இதே காரியத்தை எப்படிச் செய்தார்? 1894இல் முதலில் வாசிக்கப்பட்ட, பத்து நிமிஷமே ஓடும் ‘ஒரு வனதேவனின் பிற்பகலுக்கு முன்னுரை’யைப் போட்டுக் கேளுங்கள். ஒரே ஒரு புல்லாங்குழல், துணைக்கு யாருமில்லாமல், மெல்ல இறங்கி அதே வழியில் ஏறும். பிறகு அந்தச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அதன் கீழே வேறு வாத்தியங்கள், வேறு நிறம். பொருள் அதேதான், வெயில்தான் நகர்ந்திருக்கிறது. ‘நாக்டர்ன்கள்’ மூன்றில் முதலாவதான ‘மேகங்க’ளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்: இங்கிலீஷ் ஹார்ன் என்கிற ரெட்டைத் தட்டை வாத்தியம், நம் சீவாளிக்குத் தூரத்துப் பங்காளி, ஒரு சிறு கூப்பாட்டைக் கிட்டத்தட்ட மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வேறு எந்த வாத்தியமும் அதை வாங்கி வளர்ப்பதில்லை. சுற்றிலும் எல்லாம் நகர்கிறது, அது மட்டும் நிற்கிறது. அது இல்லாவிட்டால் மேகம் நகர்வதே உங்களுக்குத் தெரியாது.

நகராத ஒன்று வேண்டும் என்பதுதான் சூட்சுமம், அதனால்தான் ஒத்தைப் பற்றி நான் பிடிவாதமாகப் பேசுகிறேன். ஒத்து பார்வைக்கு நாயனம் மாதிரிதான், வாசிக்கும் துளை கிடையாது. ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார், ஒரே ஸ்வரம் போய்க்கொண்டே இருக்கும். சமவெளிக்காரனுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மலை கிடையாது. எந்தத் திசையில் பார்த்தாலும் பச்சைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேல்தான் தென்னையும் கோபுரமும் எழுந்து நிற்கின்றன. ஒத்து அந்தக் கோடு. மனித மூச்சு என்பதால் அதில் ஒரு நடுக்கம் இருக்கும், வெயிலில் தொடுவானம் நடுங்குகிற அதே நடுக்கம். அதை எடுத்துவிட்டு ஒரு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை ஒலிபெருக்கியில் செருகிவைத்து, ‘ஆள் கூலி மிச்சம்’ என்கிறார்கள். கூலி மிச்சம்தான், வானம் போயிற்று. இதற்கு விமர்சகர்கள் யாராவது வாயைத் திறந்தார்களா? அவர்கள் எத்தனை நிமிஷம் ராகம், எத்தனை நிமிஷம் தனி, என்ன பாட்டு என்று வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் புதிதாகக் கேட்க வருகிறவர் நேரம் பார்க்கும் ஜோசியராகிவிடுவார். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இருக்கிறாரே, அவருடைய தோடி என்றால் உலகத்துக்கே தெரியும். தோடி காலை ராகம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் நேரம் பார்த்தா வாசித்தார்? நடுராத்திரிப் புறப்பாட்டில் சுவாமி வீதி முனையில் நிற்கும், அவர் தொடங்குவார், கூட்டம் அசையாது. அப்போது முதற்பொருள் என்ன ஆயிற்று என்று கேட்டால், அவரே ஒரு பொழுதை உண்டாக்கிவிட்டார் என்பதுதான் பதில். நாளில் எந்த இடத்திலும் இல்லாத ஒரு பொழுது. தெபுஸ்ஸி ‘கட’லை எழுதத் தொடங்கியது 1903இல், கடல் கண்ணில் படாத பர்கண்டி உள்நாட்டுப் பகுதியில். 1905இல் அது அரங்கேறியது. முதல் பகுதிக்குப் பெயர் ‘விடியலிலிருந்து நடுப்பகல் வரை, கடல் மேல்’. அதில் பத்தே முக்கால் மணிவாக்கில் வரும் இடம் ரொம்ப நன்றாயிருந்தது என்று சக இசையமைப்பாளர் எரிக் சாத்தி கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். கிண்டல் இருக்கட்டும், பத்தே முக்கால் என்று சொல்ல முடிகிறதே, அதுவே பெரிய பாராட்டு.

இந்த மண்ணில் ஏன் இது விளைந்தது என்பதற்கு ரொமான்டிக்கான காரணம் வேண்டாம். நெல் உபரி இருந்தது, ஆதீனங்களும் மிராசுதார்களும் இருந்தார்கள், ராத்திரி முழுக்க ஊர்வலம் நடத்தக் கையில் காசு இருந்தது. வாசித்த இசைவேளாளர்களுக்கு வீதியில் கிடைத்த மரியாதை வீட்டுத் திண்ணையில் கிடைத்ததா என்பது தனிக் கதை. அதோடு வெளி. தடுக்க மலை இல்லாத சமதரையில், ராத்திரிக் காற்றில், நாயனம் அடுத்த ஊர் வரை போகும். இந்த வாத்தியம் கிட்டே இருந்து கேட்பதற்குச் செய்யப்பட்டதே இல்லை. ஏ.சி. மண்டபத்தில் பத்தடி தூரத்தில், நாலு ஒலிபெருக்கிக்கு நடுவே உட்கார்ந்து “சத்தம் தாங்கல” என்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரை அங்கே உட்கார வைத்தவரைத்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இன்றும் திருவிழா மேளத்தை மணலில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்கும் ஜனம் இருக்கிறது, இங்கே ரீல்ஸுக்குப் பதினைந்து விநாடி தவில் போதும் என்றாகிவிட்டது. ‘ஃப்யூஷன்’ என்று ஒரு கூட்டம் வேறு. கீபோர்டில் மழைச் சத்தம் ஓட, மூங்கிலுக்குள் கூழாங்கல் உருள, மேலே ஒரு நாயனம். அட, மழை ஏற்கெனவே கீபோர்டில் பெய்துவிட்டதே, அந்த மனிதருக்கு அங்கே என்ன வேலை?

சரி, எங்கே தொடங்குவது? நம் காது சினிமாப் பாட்டில் பழகியது, அதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் ‘இது ஒரு பொன்மாலைப் பொழுது’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வைரமுத்துவின் முதல் பாட்டு என்பதால் எல்லோரும் வரியைப் பேசுகிறார்கள். ஒரு தடவை பாடகர் வாயைத் திறக்காத இடங்களை மட்டும் கேளுங்கள். வயலின்கள் என்ன செய்கின்றன, எந்த இடத்தில் வெளிச்சம் இறங்குகிறது என்று பாருங்கள். இளையராஜா 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியபோது பெருமையைப் பற்றி ஊர் முழுக்க எழுதினார்கள். இசைக்குள் போய் எழுதியவர் சொற்பம். நீங்களாவது போங்கள்.

அதன்பின் ‘மேகங்கள்’. ஹெட்போனில், சத்தம் குறைவாக. அப்புறம் ராஜரத்தினத்தின் தோடி. பழைய இசைத்தட்டின் கரகரப்பு முதலில் உறுத்தும், கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். அடுத்து காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம். ரவேலின் ‘தாஃப்னிஸும் க்ளோயேவும்’ (1912) பாலேயில் விடியல் வருகிற இடம் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பறவைகள் கூவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடியில் கனத்த வாத்தியங்களில் வெளிச்சம் அங்குலம் அங்குலமாக ஏறுவதைக் கேட்டபின் அந்தப் பறவைகளை நானே மன்னித்துவிட்டேன்.

காதில் மாட்டிக் கேட்பதெல்லாம் ஒத்திகைதான். கோயிலுக்குப் போங்கள். மேளத்தோடு ஒட்டி நடக்காதீர்கள். வெளிப் பிராகாரத்தில், அல்லது அடுத்த வீதியில் நில்லுங்கள். தவில் கொஞ்சம் மங்கி, ஒத்து இருந்தால் அதுவும் நாயனமும் மட்டும் மிதந்து வருகிற தூரம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு ஊரிலும் வேறு இடத்தில். மல்லாரி வாசித்து சுவாமி புறப்பட்டபின், ராகம் தொடங்குகிற வரை பொறுங்கள். சினிமாப் பாட்டு கேட்டு யாராவது சீட்டு அனுப்புவதற்கு முன்னால் கிடைப்பதுதான் உங்கள் பங்கு. பக்கத்திலிருப்பவரிடம் ராகத்தின் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் பெயரோடு நிற்க மாட்டார், தன் தாத்தா யார் யாரைக் கேட்டார் என்பது வரை சொல்லிவிட்டுத்தான் ஓய்வார்.

ஐப்பசி முழுக்க மாயவரத்தில் துலா உற்சவம். தேதி தேடி அலைய வேண்டாம், எந்தச் சாயங்காலமும் போகலாம். சுவாமி வெளியே வருகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மழை வந்தால் மேளம் கல் மண்டபத்துக்குள் ஒதுங்கும், அங்கே எதிரொலியில் பாதி பாழாகிவிடும். அதனால் மழைக்கு முந்தின நாளாகப் பார்த்துப் போவது உத்தமம். அது எந்த நாள் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லும், அதற்கு எதிராகக் கடைத்தெருவில் நாலு பேர் சொல்வார்கள். நான் கடைத்தெருவைத்தான் நம்புவது.